பில் படம் மங்குவது ஏன்? டாக்குமெண்ட் கேமரா வைத்திருக்கும் வணிகர்களுக்குச் சில விளக்கங்கள்

கொள்முதல் பில்களைக் கம்பியில் குத்தி வைத்து, மாதக் கடைசியில் கட்டாகக் கட்டி ஆடிட்டர் அலுவலகத்திற்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடையே வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது பில்லைப் படமெடுத்து அனுப்புகிறோம். சிறு கடைக்காரர்கள் செல்போனிலேயே எடுத்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது பில் புழங்கும் மொத்த வியாபாரிகளில் சிலர் டாக்குமெண்ட் கேமரா வாங்கி வைத்திருக்கிறார்கள். மேஜை விளக்குபோல் கழுத்தை வளைத்து நின்று, கீழே வைத்த தாளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சாதனம் இது. ஸ்கேனரைப்போல் மூடியைத் திறந்து மூடும் வேலை இல்லை. தாளை வைத்தால் படம் தயார்.

வேலை விரைவாக நடக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாலு நாள் கழித்து, "அண்ணாச்சி, இந்த பில்லுல இருக்கிறது மூணா, எட்டா?" என்று ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. பில்லைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியானால் படமெடுத்து என்ன பயன்? கேமரா மட்டமான சரக்கு என்று கடைக்காரரைக் குறை சொல்கிறோம். இன்னும் விலை கூடிய கேமரா வாங்கலாமா என்று விசாரிக்கிறோம். பத்துக்கு எட்டுத் தடவை குறை கேமராவில் இல்லை. துடைக்காத லென்ஸ், தவறான உயரம், தலைக்கு மேல் எரியும் விளக்கு, யாரும் திறந்தே பார்க்காத செட்டிங் என்று காசு செலவில்லாமல் சரிசெய்யக் கூடிய காரணங்களே மிகுதி. அவற்றை இங்கே பார்ப்போம். செல்போனில் எடுப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இதில் இத்தனை அக்கறை காட்ட வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். கொள்முதலில் நாம் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், வரிப் பட்டியல் நம் கைவசம் இருக்க வேண்டும் என்பது மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 16-ஆவது பிரிவின் நிபந்தனைகளில் ஒன்று. விற்றவர் தம் கணக்கில் அந்தப் பட்டியலைக் காட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2022 ஜனவரி முதல் சேர்ந்துகொண்டது. ஆனாலும் பட்டியல் கையில் வேண்டும் என்பது மாறவில்லை. அதே சட்டத்தின் 36-ஆவது பிரிவு, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்குரிய ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்கச் சொல்கிறது. 2023 ஏப்ரலில் வாங்கிய பருப்புக்கான பில்லை எடுத்துக்கொள்வோம். 2023-24-க்கான ஆண்டு அறிக்கையின் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதங்கள் என்றால் 2030 டிசம்பர் 31. ஏழரை ஆண்டுக்கும் மேல் அந்த பில் படிக்கும்படி இருந்தாக வேண்டும். மேல்முறையீடு ஏதும் நிலுவையில் இருந்தால் இன்னும் நீளும்.

புதிதாகப் பதிவு எடுப்பவர்களுக்கு இடைஞ்சல் வேறு வடிவில் வருகிறது. வாடகை ஒப்பந்தமோ, மின் கட்டண ரசீதோ படத்தில் தெளிவாக இல்லையென்றால் அதிகாரி விளக்கம் கேட்டு ஆர்.இ.ஜி.-03 படிவத்தில் நோட்டீஸ் அனுப்பலாம். ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நோட்டீஸ் மின்னஞ்சலில் வருவதால் பார்க்கத் தவறுகிறவர்கள் உண்டு. நாள் கடந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தெர்மல் பில் காத்திருக்காது

இன்று நமக்கு வரும் பில்களில் கணிசமானவை தெர்மல் பிரிண்டரில் அடித்தவை. இதில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அதுதான் எழுத்து. சூட்டினால் எழுதப்பட்டது சூட்டினாலும் வெளிச்சத்தினாலும் அழியும். வெயில் படும் கல்லா மேஜையில் சில மாதம் கிடந்தால் எழுத்து வெளுத்துவிடும். எண்ணெய்க் கை பட்டால் பட்ட இடம் போயிற்று. கைக்குத் தடவும் சானிடைசரும் அப்படியே.

பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கிறவர்கள் உண்டு. மலிவான பி.வி.சி. கவர்களில் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் தாளில் இறங்கி எழுத்தை மங்கச் செய்யும். செல்லோடேப் ஒட்டிய இடத்திலும் இதே கதி. லேமினேஷன் செய்யக் கொடுத்தால் அந்தச் சூட்டில் பில் முழுவதுமே கறுத்துப்போகும். ஆகவே தெர்மல் பில்லை வந்த அன்றே படமெடுக்க வேண்டும். மாதக் கடைசியில் சேர்த்து எடுக்கலாம் என்று வைப்பது மற்ற பில்களுக்குச் சரி, இதற்குச் சரிப்படாது.

முதலில் லென்ஸ்

படம் முழுவதும் புகை படர்ந்ததுபோல் இருக்கிறதா? வெளிச்சம் உள்ள இடத்திலிருந்து கோடுகோடாக ஒளி சிதறுகிறதா? கேமராவைப் பழிக்குமுன் லென்ஸைத் துடையுங்கள். மற்ற அலுவலகங்களில் லென்ஸில் தூசிதான் படியும். நம் கடைகளில் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மைதா எல்லாம் காற்றில் பறந்து படிகின்றன. எண்ணெய் டின் தூக்கிய கையோடு கேமராவின் தலையைத் திருப்புகிறோம். மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதன்மேல் தூளும் சேர்ந்தால் எந்த உயர்ந்த லென்ஸும் கலங்கித்தான் காட்டும்.

துடைக்கவும் ஒரு முறை உண்டு. தூளை முதலில் ஊதி அல்லது மிருதுவான தூரிகையால் தட்டிவிட வேண்டும். தூள் இருக்கும்போதே அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். விழுந்த கீறல் போகாது. பிறகு கண்ணாடி துடைக்கும் துணியால், வாயால் ஆவி ஊதி, மெல்ல வட்டமாகத் துடைக்கலாம். தோளில் கிடக்கும் துண்டு உதவாது. அதில் இருப்பதெல்லாம் லென்ஸுக்குப் போய்ச் சேரும். பில் அனுப்ப உட்காரும் பையன் தினம் காலையில் இதைச் செய்வதென்று ஏற்பாடு செய்துவிட்டால் பாதிப் புகார் நின்றுவிடும். புதிய கேமராவாக இருந்தால் லென்ஸின் மேல் ஒட்டியுள்ள பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்றும் பாருங்கள். உரிக்காமலே மாதக்கணக்கில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

உயரமும் ஃபோகஸும்

படத்தின் ஒரு பகுதி மட்டும் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் தாள் மடிந்து எழும்பியிருக்கிறது, அல்லது கேமராவின் தலை சாய்ந்திருக்கிறது. முழுவதுமே மங்கலாக இருந்தால் ஃபோகஸ் பிழை. எந்த லென்ஸுக்கும் இதற்குமேல் கிட்டே வந்தால் தெளிவாகத் தெரியாது என்று ஓர் எல்லை உண்டு. நம் கண்ணுக்கு நேராக விரலை ஒட்டிப் பிடித்தால் ரேகை தெரியாததுபோல. எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று கேமராவைத் தாளுக்கு மிக அருகில் இறக்கினால் காரியம் கெடும். செல்போனிலும் இதே நிலைதான். கிட்டே கொண்டுபோவதைவிட ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். சில போன்கள் மிக அருகில் போனால் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிக்கொள்கின்றன. அப்போது பில்லின் ஓரங்கள் வளைந்து விழும்.

தானாக ஃபோகஸ் ஆகும் கேமராக்களுக்கு இன்னொரு குணம் உண்டு. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் விளிம்பைப் பார்த்துத்தான் அவை தெளிவைக் கணிக்கின்றன. மங்கிய எழுத்துள்ள வெள்ளைத் தாளை வைத்தால் பிடிப்பு கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். இதற்கு எளிய உபாயம், அச்சு தெளிவாக உள்ள வேறொரு பில்லை அதே இடத்தில் வைத்து ஃபோகஸ் செய்து, அதை அப்படியே நிறுத்திக்கொண்டு மங்கிய பில்லை வைப்பது. ஃபோகஸை நிறுத்தி வைக்கும் வசதி பல கேமராக்களின் மென்பொருளில் இருக்கிறது. உயரம் மாறாதவரை திரும்பத் திரும்ப ஃபோகஸ் செய்ய வேண்டியதும் இல்லை.

புள்ளிக் கணக்கு

கேமரா விற்பவர் மெகாபிக்சல் கணக்கைத்தான் பெரிதாகச் சொல்வார். அதை அங்குலக் கணக்கில் மாற்றிப் பார்த்தால்தான் நமக்கு விளங்கும். படம் என்பது புள்ளிகளால் ஆனது. சாதாரண அச்சு படிக்க ஓர் அங்குலத்தில் 200 புள்ளிகளாவது வேண்டும்; பொடி எழுத்துக்கு 300 இருந்தால் நல்லது. ஏ4 தாள் ஏறக்குறைய 8¼ அங்குலத்துக்கு 11¾ அங்குலம். 5 மெகாபிக்சல் கேமரா நீளவாட்டில் சுமார் 2,590 புள்ளிகள் தருகிறது. தாள் சட்டத்தை முழுவதும் நிறைத்தால் அங்குலத்துக்கு 220 வருகிறது. 8 மெகாபிக்சலில் 280 வரை வரும். 2 மெகாபிக்சல் வீடியோ கேமராவில், குறுக்குவாட்டில் 1,080 புள்ளிகளே இருப்பதால், 130-தான் தேறும். ஏ4 பில்லுக்கு இது போதாது. துண்டுச் சீட்டுக்குச் சமாளிக்கலாம்.

'தாள் சட்டத்தை நிறைத்தால்' என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஏ3 அளவுக்குத் தலையை உயர்த்தி வைத்துவிட்டு அதே 5 மெகாபிக்சலில் எடுத்தால் அங்குலத்துக்கு 155 புள்ளிதான். மூன்று அங்குல அகலத் தெர்மல் பில்லை நடுவில் வைத்து எடுத்தால் படத்தின் பெரும்பகுதி மேஜையாகத்தான் இருக்கும். மேஜையைப் படமெடுக்கவா காசு கொடுத்து வாங்கினோம்? பில்லுக்குத் தக்கபடி தலையை இறக்க வேண்டும். ஒரு முழ நீளத் தெர்மல் பில்லை ஒரே படத்தில் அடக்க முயலாமல் இரண்டு மூன்று துண்டாக, ஒன்றின் கடைசி இரண்டு வரி அடுத்ததிலும் வரும்படி எடுப்பதே முறை.

இதைவிட முக்கியமான ஒன்று. 5 மெகாபிக்சல் என்று வாங்கிய கேமரா, கம்ப்யூட்டரில் இணைத்ததும் 640-க்கு 480 என்ற மிகச் சிறிய அளவில் வேலை செய்துகொண்டிருக்கலாம். மென்பொருளின் செட்டிங்கில் 'ரெசல்யூஷன்' என்ற இடத்தைத் திறந்து இருப்பதிலேயே பெரிய அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்ததுமே 'புதிய கேமரா மாதிரி இருக்கிறது' என்று சொல்லும்படி ஆகும். பெரிய அளவில் வைத்தபின் திரையில் படம் விட்டுவிட்டு நகர்ந்தால் பயப்பட வேண்டாம். அத்தனை தகவலும் யு.எஸ்.பி. கம்பி வழியாக வர நேரமாகிறது. நீளமான நீட்டிப்புக் கம்பியையும், பலதையும் செருகும் ஹப்பையும் தவிர்த்து நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் தேவலை.

வெளிச்சம்தான் பெரும்பாடு

மேற்சொன்ன எல்லாவற்றையும்விட நம் கடைகளில் தொல்லை தருவது வெளிச்சம். கல்லாவுக்கு நேர் மேலே டியூப் லைட் எரியும். அதன் கீழே கேமராவை வைத்தால் கேமராவின் கழுத்தும் தலையும் பில்லின்மேலேயே நிழல் விழச் செய்யும். செல்போனில் எடுப்பவர் குனிந்தால் அவர் தலை நிழல். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, கூடுமானால் இரண்டு பக்கமிருந்தும், சாய்வாக விழ வேண்டும். வாசல் பக்கத்துப் பகல் வெளிச்சம் ஒரு பக்கம், வெள்ளைச் சுவரோ வெள்ளை அட்டையோ மறுபக்கம் இருந்தால் போதும். நேர் வெயில் வேண்டாம்.

பளபளப்பான தாள், லேமினேஷன் செய்த சான்றிதழ், பிளாஸ்டிக் உறையிலிருக்கும் அட்டை ஆகியவற்றில் வெள்ளைத் திட்டு விழுந்து எழுத்தை மறைக்கும். விளக்கு நேர் மேலிருந்து விழுந்து நேர் மேலே உள்ள லென்ஸுக்கே திரும்புவதால் வருவது இது. பந்தைச் செங்குத்தாகத் தரையில் போட்டால் கைக்கே திரும்பி வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வாக அடித்தால் வேறு பக்கம் போய்விடும். கேமராவின் தலையிலேயே உள்ள சிறு விளக்கை இத்தகைய தாள்களுக்கு அணைத்துவிட்டு, பக்க விளக்கை மட்டும் பயன்படுத்த வேண்டும். செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுக்கவே கூடாது. உறையிலிருந்து வெளியே எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம்.

அடுத்து, பலருக்கும் புரியாத புதிராக இருக்கும் ஒரு கோளாறு. படத்தின் குறுக்கே சாம்பல் நிறப் பட்டைகள் ஓடும். திரையில் அவை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கும். கேமரா பழுது என்று ரிப்பேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதில் எரியும் டியூப் லைட்டும், மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி. பல கேமராக்களின் மென்பொருள் அந்த 60-ஐ வைத்தே வருகிறது. செட்டிங்கில் 'பவர்லைன் ஃபிரீக்வென்சி' அல்லது 'ஆன்டி ஃபிளிக்கர்' என்ற இடத்தில் 60 என்றிருப்பதை 50 என்று மாற்றினால் பட்டை மறைந்துவிடும். அதன் பிறகும் நிழல் வெட்டி வெட்டி வந்தால் நிமிர்ந்து பாருங்கள். விளக்குக்குக் கீழே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

தாள் பழுப்பாகவும், எழுத்து வெளுப்பாகவும்

வெள்ளைத் தாள் படத்தில் அழுக்குச் சாம்பலாக விழுவதும், சில நேரம் தாள் கண் கூசும் வெள்ளையாகி எழுத்து கரைந்துபோவதும் ஒரே காரணத்தால்தான். கேமரா தன் முன்னால் உள்ள காட்சி சராசரியாக நடுத்தர வெளிச்சத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. சட்டம் முழுவதும் வெள்ளைத் தாள் என்றால் 'வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். கறுப்பு ரெக்ஸின் விரித்த மேஜையில் சின்ன பில்லை வைத்தால் 'இருட்டு' என்று கூட்டிவிடும். 'எக்ஸ்போஷர்' அளவை முதல் நிலையில் சற்றே ஏற்றியும், இரண்டாம் நிலையில் சற்றே இறக்கியும் வைத்தால் சரியாகிவிடும். செல்போனில் எழுத்துள்ள இடத்தை விரலால் தொட்டு, அருகில் தோன்றும் சூரியன் அடையாளத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் மங்கிய சாம்பல் நிறத் துணி ஒன்றை மேஜைமேல் நிரந்தரமாக விரித்துவிட்டால் இந்தச் சிக்கலே வெகுவாகக் குறையும். தாளின் ஓரத்தைக் கேமரா தானாகக் கண்டுபிடித்து வெட்டுவதற்கும் அது உதவும்.

மென்பொருளில் 'பிளாக் அண்டு ஒயிட்' என்று ஒரு முறை உண்டு. படம் பளிச்சென்று ஜெராக்ஸ்போல் வரும்; கோப்பும் சிறியதாகிவிடும். ஆகவே எல்லோருக்கும் அது பிடிக்கும். லேசர் பிரிண்டில் வந்த பில்லுக்கு அது சரி. ஆனால் அந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா, வெளுப்பா என்று தீர்மானிக்கப்படுகிறது. இடைப்பட்ட சாம்பலுக்கு இடமில்லை. ஆகவே மங்கிய தெர்மல் எழுத்து காணாமல் போகிறது. ரோஜா நிறக் கார்பன் நகலின் பின்புலம் கறுத்து எழுத்தை விழுங்குகிறது. லாரி ரசீதில் ஊதா மையில் குத்திய ரப்பர் ஸ்டாம்ப் பாதிதான் தெரிகிறது. இவை மூன்றையும் கலரிலேயே எடுக்க வேண்டும். கோப்பு பெரிதானாலும் பரவாயில்லை.

ஏற்கனவே வெளுத்துவிட்ட பில்லுக்கு என்ன வழி? கலரில் எடுத்து, போனிலேயே உள்ள திருத்தும் வசதியில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் ஓரளவு படிக்க வரும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரிப்பன் தேய்ந்து அடித்த பில்லில் ஊசி அழுத்திய பள்ளம் தாளில் இருக்கும். டார்ச்சைத் தாளோடு தாளாகப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரியும். சுத்தமாக அழிந்ததை எந்தக் கேமராவும் மீட்காது. தெர்மல் பில்லை இஸ்திரிப் பெட்டியில் சூடு காட்டினால் எழுத்து திரும்பும் என்று சொல்வதை நம்பிச் செய்தால் இருக்கும் கொஞ்சமும் கறுத்துப்போகும். பேசாமல் விற்றவரிடமே கேட்டு, அவர் கம்ப்யூட்டரிலிருந்து நகல் வாங்கிவிடலாம். காலம் கடந்தபின் கேட்டால் அவரும் கணக்கை மூடியிருப்பார். ஆகையால் உடனே கேட்பது நல்லது.

எடைக்கல்லுக்கு ஒரு வேலை

சட்டைப் பையில் நாலாக மடித்து வந்த பில் சுருண்டு எழும்பும். அதன்மேல் கண்ணாடி வைத்து அழுத்தினால் கண்ணாடியே பளபளக்கும். எலெக்ட்ரானிக் தராசு வந்தபின் மூலையில் கிடக்கும் பழைய எடைக்கற்களை எடுத்து நாலு ஓரத்திலும் எழுத்து மறையாமல் வையுங்கள். ஐம்பது கிராம், நூறு கிராம் கற்கள் இதற்குக் கச்சிதம். அவசரமில்லாத பில்களை ஒரு இரவு பேரேட்டின் அடியில் வைத்தாலும் படிந்துவிடும்.

படமெடுக்கும் நொடியில் மேஜை ஆடக் கூடாது. ஃபிரீசரோ மாவு மெஷினோ தொட்டுக்கொண்டிருக்கும் மேஜை சன்னமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்த அதிர்வு படத்தில் இரட்டை எழுத்தாக விழும். பொத்தானை அழுத்தும் கையே கேமராவை அசைப்பதும் உண்டு. கம்ப்யூட்டர் மவுஸால் எடுப்பதோ, இரண்டு நொடி டைமர் வைப்பதோ இதற்குத் தீர்வு.

அனுப்பும்போது கெடுவது

நன்றாக எடுத்த படம் போய்ச் சேரும்போது கெட்டுவிடுவதும் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023-இல் எச்.டி. என்ற வசதி வந்தது. அதைவிடவும் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் கோப்பாக அனுப்புவது மேல். எடுத்தது எடுத்தபடி போகும். ஒருவர் அனுப்பிய படத்தை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மற்றொருவருக்கு அனுப்பி, அவர் பிரிண்ட் எடுத்து, அதைத் திரும்பப் படமெடுத்து என்று போனால், கார்பன் வைத்து எழுதிய நாலாவது நகல்போல்தான் கடைசியில் இருக்கும்.

அரசு இணையதளங்களில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் இத்தனை கிலோபைட்டுக்கு மேல் ஏற்காது என்று கட்டத்தின் அருகிலேயே எழுதியிருக்கும். அந்த அளவுக்குக் குறைக்க நினைத்து முழுப் படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சுருக்கிவிடுகிறோம். முதலில் தாளுக்கு வெளியே உள்ள மேஜையை வெட்டி நீக்க வேண்டும். பிறகு முத்திரையின் நிறம் தேவையில்லாத ஆவணமாக இருந்தால் கலரைச் சாம்பலாக்கலாம். அதற்கும் மேல் போனால்தான் சுருக்க வேண்டும். சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்காமல், ஒவ்வொரு முறையும் மூலப் படத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. விற்றவரின் ஜி.எஸ்.டி. எண்ணைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். 15 எழுத்தும் ஐயமின்றிப் படிக்க முடிந்தால் மற்றவையும் பெரும்பாலும் படிக்க வரும். 8-க்கும் ஆங்கில பி-க்கும், 5-க்கும் எஸ்-க்கும், பூஜ்யத்துக்கும் ஓ-வுக்கும் குழப்பம் வந்தால் அந்த எண்ணின் அமைப்பே வழிகாட்டும். முதல் இரண்டு இடம் மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் பான் எண். அதில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் இலக்கம், பத்தாவது எழுத்து. ஆக மூன்றாவது இடத்திலிருந்து ஏழாவது இடம் வரை இலக்கம் வராது. எட்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை எழுத்து வராது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் வணிகர்களுக்குத் தரும் பட்டியல்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் பட்டியலுக்கான கியூ.ஆர். கட்டம் இருக்க வேண்டும். அத்தகைய பில்லின் படத்தைத் திரையில் வைத்து இன்னொரு போனால் அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பாருங்கள். படித்தால் படம் தேறிவிட்டது.

இத்தனையும் செய்த பிறகும் மங்கலாகவே இருந்தால்தான் புதிய கேமராவைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் கடைக்காரரிடம் நம் பில் ஒன்றை, கார்பன் நகலாகப் பார்த்து எடுத்துக்கொண்டுபோய், கண்முன் எடுத்துக் காட்டச் சொல்லி வாங்குவதே நல்லது. 13 மெகாபிக்சல், 16 மெகாபிக்சல் என்ற எண்ணுக்கு மயங்க வேண்டியதில்லை. ஏ4 அளவுக்கு நல்ல லென்ஸுடன் 8 மெகாபிக்சல் இருந்தால் நம் வேலைக்கு ஏராளம்.

படம் வந்துவிட்டதே என்று மூல பில்லைக் கிழித்துப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். கணக்குகளை மின்னணு முறையில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது என்றாலும், தகராறு என்று வந்து நீதிமன்றம் வரை போனால் மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தருவதற்குத் தனிச் சான்று இணைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. மூலத்தாளைக் காட்டுவது எளிது. படத்துக்குத் தேதி, விற்றவர் பெயர், பில் எண் மூன்றையும் சேர்த்துப் பெயரிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு பிரதியும் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். தாள்களை மாதவாரியாகக் காகித உறையில் போட்டு, எந்த ஆண்டு எந்த மாதம் வரை வைத்திருக்க வேண்டும் என்பதை உறையின்மேல் எழுதி, எண்ணெய் டின்களுக்கும் மிளகாய் மூட்டைகளுக்கும் எட்டாத உலர்ந்த அலமாரியில் அடுக்கலாம்.